கன்சோல் விலை ஏன் இறங்க மறுக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடியோ கேம் கன்சோல்களின் விலை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஏழு இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒப்பிட வசதியாக, வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் அமெரிக்கச் சந்தையில் நிறுவனங்கள் அறிவித்த விலைகளே தரப்பட்டுள்ளன. சென்ட்டுகள் முழு டாலராக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கன்சோல்களை நிறுவனங்கள் நட்டத்துக்கு விற்பதாக அடிக்கடி படிக்கிறேன். நட்டத்துக்கு விற்று எந்த வியாபாரமாவது நிலைக்குமா?

பதில்: எல்லா நிறுவனங்களும் எல்லாக் காலத்திலும் நட்டத்துக்கு விற்பதில்லை. ஆனாலும் நீங்கள் படித்தது பெரும்பாலும் உண்மைதான். 2006 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கடைக்கு வந்தபோது, ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்து, உள்ளே இருந்த பாகங்களுக்கு ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்த்தது. 20 ஜிபி மாடலின் அடக்கவிலை சுமார் 806 டாலர் என்று கணக்கு வந்தது; அதன் விற்பனை விலையோ 500 டாலர். 60 ஜிபி மாடலுக்கு அடக்கம் சுமார் 840 டாலர், விலை 600 டாலர். கன்ட்ரோலர், கேபிள்கள், அட்டைப்பெட்டி ஆகியவற்றின் செலவு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,230 கோடி யென் செயல்பாட்டு நட்டத்தைக் காட்டியது. மைக்ரோசாஃப்டின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 2021-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் தங்கள் நிறுவனம் ஒருபோதும் லாபம் ஈட்டியதில்லை என்றார். அடுத்த ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒவ்வொரு கன்சோலுக்கும் 100 முதல் 200 டாலர் வரை நிறுவனம் தன் கையிலிருந்து போடுவதாகத் தெரிவித்தார்.

இந்தப் பணம் திரும்பி வரும் வழியை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கன்சோலின் டிஜிட்டல் கடையில் பிற நிறுவனங்களின் விளையாட்டு ஒன்று விற்றால், வழக்கமாக விலையில் 30 சதவீதம் கன்சோல் நிறுவனத்துக்குப் போகிறது. 70 டாலர் விளையாட்டு என்றால் 21 டாலர். ஒரு கன்சோலில் 150 டாலர் கைநட்டம் என்று வைத்துக்கொண்டால், அதை வாங்கியவர் ஏழெட்டு விளையாட்டுகள் வாங்கும்போது நட்டம் நேராகிவிடும். டிஸ்க்கில் விற்கும் விளையாட்டுகளுக்கு உரிமத் தொகை, இணையத்தில் சேர்ந்து விளையாட மாதச் சந்தா, கூடுதல் கன்ட்ரோலர்கள் ஆகிய வரவுகள் இதற்கு மேல்.

நின்டெண்டோ மட்டும் பெரும்பாலும் வேறு வழியில் போயிருக்கிறது. 2006-ல் 250 டாலருக்கு வந்த அதன் வீ கன்சோல், போட்டியாளர்களைவிட எளிய சிப்களைக் கொண்டிருந்ததால், முதல் நாளிலிருந்தே லாபத்துக்கு விற்றது. கடைசியில் 10 கோடிக்கும் மேல் விற்றது.

பொருளியல் அறிஞர்கள் இதனை இருபக்கச் சந்தை என்கிறார்கள். ஜான் ஷார்ல் ரோஷே, ஜான் டிரோல் ஆகிய இருவரும் 2003-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. டிரோலுக்கு 2014-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சந்தைத் திடலுக்கு வாங்குவோர் வராவிட்டால் கடை போடுவோர் வரமாட்டார்கள், கடைகள் இல்லாவிட்டால் வாங்குவோர் வரமாட்டார்கள் என்பதுபோல, கன்சோலுக்கும் விளையாடுவோர், விளையாட்டைத் தயாரிப்போர் என்ற இரு கூட்டமும் ஒருசேரத் தேவை. விலைக்கு அதிகம் தயங்கும் கூட்டத்துக்குக் கதவைச் சலுகையில் திறந்துவிட்டு, மற்றக் கூட்டத்திடம் வசூலிப்பதே இத்தகைய சந்தையின் இயல்பு.

கேள்வி: அப்படியானால் கன்சோலை இலவசமாகவே கொடுத்துவிடலாமே?

பதில்: கொடுத்தால், விளையாட்டே வாங்காதவர்கள்தாம் முதலில் வரிசையில் நிற்பார்கள். இது வெறும் கற்பனை இல்லை. அடக்கவிலைக்குக் கீழே விற்ற பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள முதலில் வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் அந்த வசதியைப் பயன்படுத்தி, 1,700-க்கும் மேற்பட்ட கன்சோல்களை ஒன்றாக இணைத்து, 2010-ல் ஒரு மீத்திறன் கணினியை அமைத்தது. அந்தக் கன்சோல்களில் எதற்கும் ஒரு விளையாட்டுகூட வாங்கப்பட்டிருக்காது. வாங்குபவர் தொடர்ந்து செலவு செய்வார் என்ற எதிர்பார்ப்பின்மேல்தான் இந்தச் சலுகை முழுவதும் நிற்கிறது. அவர் கையிலிருந்தும் ஒரு தொகையைப் போட வைப்பது அந்த எதிர்பார்ப்புக்கு ஓரளவு பிணை.

கேள்வி: விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்பது பாடப்புத்தக விதி. கன்சோல் சந்தையிலும் அது அப்படியே பொருந்துகிறதா?

பதில்: பொருந்துகிறது, ஆனால் பாதி தூரம்தான். பொருந்தும் பாதியை முதலில் பார்ப்போம். 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சியில், சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோலின் விலை 399 டாலர் என்று அறிவித்தது. பின்னர் சோனியின் முறை வந்தபோது, அதன் அமெரிக்கப் பிரிவைச் சேர்ந்த ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, ஒலிபெருக்கியின் முன் "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். புதிதாகச் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷனுக்கு அந்த 100 டாலர் இடைவெளி பெரும் உதவியாக இருந்தது. 2013-லும் இதே கதை மீண்டும் நடந்தது. கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து எக்ஸ்பாக்ஸ் ஒன் 500 டாலருக்கு வந்தது, பிளேஸ்டேஷன் 4 அதைவிட 100 டாலர் குறைவாக வந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, கேமராவை நீக்கி எக்ஸ்பாக்ஸ் ஒன்னையும் 400 டாலருக்கு விற்க வேண்டியதாயிற்று. அதற்குள் முந்திக்கொண்ட பிளேஸ்டேஷன் 4, 11 கோடியைத் தாண்டி விற்றது.

இதில் நின்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கன்சோலின் வரலாறு தனியாகக் கவனிக்கத்தக்கது. 2011 தொடக்கத்தில் அது 250 டாலருக்கு வந்தது. முதல் ஆர்வம் அடங்கியதும், அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் சேர்த்தே சுமார் 7 லட்சம்தான் விற்றது. ஆகஸ்டில் விலையை 170 டாலராக இறக்கினார்கள். ஜப்பானில் 25,000 யென் 15,000 யென் ஆனது. வெளிவந்து அரை ஆண்டுக்குள் இத்தனை பெரிய குறைப்பு மிகவும் அரிது. நிறுவனத்தின் தலைவர் சத்தோரு இவாட்டா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்னரே வாங்கியவர்கள் ஏமாந்ததாக உணரக்கூடாது என்பதற்காக அவர்களுக்குப் பழைய விளையாட்டுகள் இருபது இலவசமாக வழங்கப்பட்டன. ஆனால் விலைக் குறைப்பு மட்டுமே 3டிஎஸ்ஸைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது பிழை. அந்த நவம்பரிலும் டிசம்பரிலும் மாரியோவின் பெயரில் இரண்டு பெரிய விளையாட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. குறைந்த விலையும் நல்ல விளையாட்டும் ஒரே பருவத்தில் சேர்ந்ததால்தான் அந்தக் கருவி கடைசியில் ஏழரைக் கோடியைத் தாண்டியது.

பொருந்தாத பாதி இங்கேதான் தொடங்குகிறது. கன்சோலின் தேவை அதன் விலையை மட்டும் சார்ந்ததன்று. அதில் என்ன விளையாடலாம், நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்பவற்றையும் சார்ந்தது. நின்டெண்டோவின் கேம்கியூப் 2001-ல் 200 டாலருக்கு வந்து, 2003-ல் 100 டாலருக்கு இறங்கியது. தன் தலைமுறையில் மிக மலிவான கன்சோல் அதுதான். இருந்தும் அது 2 கோடியைச் சற்றே தாண்டியபோது, அதைவிட விலை கூடிய பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கும் மேல் விற்றது. விளையாட்டுகளின் எண்ணிக்கையும், டிவிடி படம் பார்க்கும் வசதியும் அந்த விலை வித்தியாசத்தை எளிதாக விழுங்கிவிட்டன. மலிவு என்பதற்காக மட்டும் ஒரு கன்சோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: புதிய கன்சோல் வந்ததும் தட்டுப்பாடு ஏற்படுகிறது, இடைத்தரகர்கள் வாங்கிப் பதுக்கி இரட்டை விலைக்கு விற்கிறார்கள். அந்த லாபத்தை நிறுவனமே ஏன் எடுத்துக்கொள்வதில்லை? அல்லது தட்டுப்பாடே திட்டமிட்ட நாடகமா?

பதில்: நாடகம் என்ற சந்தேகம் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது; நான் அதை ஏற்பதில்லை. விற்காமல் போகும் ஒவ்வொரு கன்சோலோடும் அதற்காக வாங்கப்பட்டிருக்கக்கூடிய விளையாட்டுகளும் சந்தாவும் சேர்ந்தே போகின்றன. வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொள்ள இந்த வணிகத்தில் யாருக்கும் காரணம் இல்லை. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-க்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த தட்டுப்பாட்டுக்கு, உலகளாவிய சிப் பற்றாக்குறைதான் முதன்மைக் காரணம். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கன்சோலை வெளியிடும் முன்பே நின்டெண்டோ கையிருப்பைப் பெருக்கி வைத்துக்கொண்டது; முதல் நான்கு நாட்களிலேயே 35 லட்சம் விற்றது.

விலையை ஏற்றாததற்கு முதல் காரணம் மக்களின் நியாய உணர்வு. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி இடம்பெற்றது. பனி அள்ளும் மண்வாரியை 15 டாலருக்கு விற்றுவந்த கடைக்காரர், பனிப்புயலுக்கு மறுநாள் காலையில் 20 டாலர் ஆக்குகிறார், இது சரியா? கேட்கப்பட்டவர்களில் 82 சதவீதத்தினர் அநியாயம் என்றார்கள். ஏழெட்டு ஆண்டுகள் அதே வாடிக்கையாளரிடம் விளையாட்டு விற்கவேண்டிய ஒரு நிறுவனம், அந்தக் கடைக்காரரைப் போல முதல் மாதத்திலேயே கெட்ட பெயர் எடுக்க விரும்பாது. இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறை சார்ந்தது. ஒரு கன்சோல் தரகரின் கிடங்கில் கிடக்கும் வரை அதற்காக ஒரு விளையாட்டும் விற்பதில்லை.

எனவே நிறுவனங்கள் விலையைத் தொடாமல் வரிசையைச் சீர்செய்ய முயல்கின்றன. ஜப்பானில் ஸ்விட்ச் 2-க்கான நேரடி விற்பனையை நின்டெண்டோ குலுக்கல் முறையில் நடத்தியது. பழைய ஸ்விட்ச்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், இணையச் சேவையில் மொத்தம் ஓராண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அத்தனை கட்டுப்பாட்டுக்குப் பின்னும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பதுக்குபவர் பணத்தைப் புரட்டிவிடலாம், 50 மணி நேர விளையாட்டைப் புரட்ட முடியாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இதுவரை வந்தவற்றுள் மிக நேர்மையான ஏற்பாடு இது என்பது என் கருத்து.

கேள்வி: முன்பெல்லாம் பொறுத்திருந்தால் கன்சோல் விலை இறங்கும். இப்போது ஐந்தாண்டு பழைய கருவியின் விலை ஏறுகிறது. இது எப்படி நடக்கிறது?

பதில்: வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். பழைய நிலையை நினைவுபடுத்திக்கொள்வோம். பிளேஸ்டேஷன் 2, 2000-ல் 300 டாலருக்கு வந்தது. 2002-ல் 200, 2003-ல் 180, 2004-ல் 150, 2006-ல் 130, 2009-ல் 100 என்று படிப்படியாக இறங்கியது. 2013 தொடக்கத்தில்தான் அதன் தயாரிப்பு நின்றது. ஆர்வம் மிகுந்தவர்கள் முதல் ஆண்டில் முழு விலை கொடுத்தார்கள், கணக்குப் பார்ப்பவர்கள் மூன்றாம் ஆண்டில் வந்தார்கள், வருமானம் குறைந்த குடும்பங்கள் கடைசி ஆண்டுகளில் வாங்கின. ஒரே பொருள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பையின் கனத்துக்கு ஏற்ப விற்றது. யாரையும் முற்றாக வெளியே நிறுத்தவில்லை.

இப்போது 2025-ஐப் பாருங்கள். 2020-ல் 500 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், மே மாதத்தில் 600, அக்டோபரில் 650 டாலர் ஆனது. 300 டாலருக்கு வந்த சீரீஸ் எஸ் 400 டாலர் ஆனது. பிளேஸ்டேஷன் 5-இன் விலை ஆகஸ்டில் 50 டாலர் கூடியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதன் விலையை 2022-லேயே ஏற்றிவிட்டார்கள். 2017-ல் வந்த முதல் ஸ்விட்ச் கூட, அடுத்த தலைமுறைக் கருவி சந்தைக்கு வந்தபிறகு, 300-லிருந்து 340 டாலராக உயர்ந்தது.

முதல் காரணம் சிப். முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தயாரிப்பு நுட்பம் நுணுகும். அதே சிப் சிறிதாகும், ஒரு சிலிக்கான் தட்டிலிருந்து அதிக சிப்கள் கிடைக்கும், மின்சாரமும் வெப்பமும் குறைவதால் குளிர்விப்பானும் பெட்டியும்கூடச் சிறிதாகும். பிளேஸ்டேஷன் 3-இன் 'செல்' என்ற முதன்மைச் சிப் 90 நானோமீட்டர் நுட்பத்திலிருந்து 65-க்கும் பின்னர் 45-க்கும் மாறியது. 500, 600 டாலரில் தொடங்கிய அந்தக் கன்சோல் வரிசை 2009-ல் 300 டாலருக்கு இறங்கியதற்குப் பின்னால் இந்த மாற்றமும் இருந்தது. இப்போதும் சிப்கள் நுணுகுகின்றன. ஆனால் ஒவ்வொரு புதிய நுட்பத்திலும் தட்டின் விலையே பெரிதும் ஏறிவிடுவதால், சிறிதாக்குவதால் கிடைக்கும் ஆதாயம் அதில் கரைந்துவிடுகிறது. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், அவற்றின் விலையும் கடுமையாக உயர்ந்தது.

அமெரிக்கா 2025-ல் விதித்த இறக்குமதி வரிகளும் நாணய மதிப்பின் சரிவும் மேலும் இரு காரணங்கள். யென் மதிப்பு வீழ்ந்ததால் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 5, வரியோடு சேர்த்து 2020-ல் சுமார் 55,000 யென்னாக இருந்தது, 2024 செப்டம்பரில் 79,980 யென் ஆனது. நின்டெண்டோ இதைச் சமாளிக்க, ஸ்விட்ச் 2-ஐ ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலாக 49,980 யென்னுக்கும், பல மொழி மாடலாக 69,980 யென்னுக்கும் 2025-ல் வெளியிட்டது. மலிவான மாடலை வெளிநாட்டவர் வாங்கிச் செல்வதை மொழியே தடுக்கிறது. 2025 நவம்பரில் சோனியும் இதே வழியில் 55,000 யென்னுக்கு ஒரு ஜப்பானிய மொழி மாடலைக் கொண்டுவந்தது.

இவையெல்லாம் செலவுத் தரப்புக் காரணங்கள். நிறுவனங்களின் அறிக்கைகளும் இவற்றோடு நின்றுவிடுகின்றன. சொல்லப்படாத காரணம் போட்டியின் தளர்ச்சி என்று நான் கருதுகிறேன். 2002 மே மாதத்தில் சோனி பிளேஸ்டேஷன் 2-இன் விலையை 200 டாலராகக் குறைத்தது. மறுநாளே மைக்ரோசாஃப்டும் எக்ஸ்பாக்ஸை அதே விலைக்கு இறக்கியது. ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் நின்டெண்டோ கேம்கியூப்பை 150 ஆக்கியது. இன்று அப்படி ஒருவர் இறக்கினால் மற்றவர் இறக்க வேண்டிய நெருக்கடி இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் கவனத்தைச் சந்தாவுக்கும் பிற கருவிகளில் விளையாட்டு விற்பதற்கும் திருப்பிவிட்டது, நின்டெண்டோ தனிப் பாதையில் போகிறது. அதோடு, பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த டிஜிட்டல் விளையாட்டுகளை விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறுவது வாங்குபவருக்கும் கடினம். மாறமாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளருக்கு விலையைக் குறைக்க யாரும் அவசரப்படுவதில்லை.

இதன் சுமை யார்மேல் விழுகிறது என்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை. முதல் நாளே வாங்குபவருக்கு 50 டாலர் கூடுதல் என்பது ஒரு முணுமுணுப்போடு போய்விடும். ஐந்தாம் ஆண்டில் 200 டாலருக்கு வாங்கலாம் என்று காத்திருந்த குடும்பத்துக்கோ, கதவே அடைபட்டுவிடுகிறது. பிளேஸ்டேஷன் சேவையைப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்னும் பழைய பிளேஸ்டேஷன் 4-இல்தான் இருக்கிறார்கள் என்று 2024-ல் சோனியே முதலீட்டாளர்களிடம் தெரிவித்தது. பழைய கருவியிலேயே புதிய விளையாட்டுகள் பல ஓடுவதும், இலவச விளையாட்டுகளே பலருக்குப் போதுமானதாக இருப்பதும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் மலிவான வாயில் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இன்றைய கன்சோல்கள் உண்மையில் மலிவுதானே?

பதில்: அறிமுக விலையை மட்டும் ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது சரி. 1977-ல் சுமார் 200 டாலருக்கு வந்த அட்டாரி கன்சோலின் விலை இன்றைய மதிப்பில் ஆயிரம் டாலரைத் தொடும். பிளேஸ்டேஷன் 3-இன் 600 டாலர் இன்று 900-க்கும் மேல். ஆனால் அந்த ஒப்பீடு முதல் நாளோடு நின்றுவிடுகிறது. வெளிவந்து ஐந்தாண்டு கழித்து என்ன விலை என்று கேட்டால், பழைய கருவிகள் எல்லாம் தம் அறிமுக விலையைவிட வெகுவாகக் கீழே இருந்தன. இன்றையவை மேலே இருக்கின்றன.

கேள்வி: டிஸ்க் போடும் வசதி இல்லாத டிஜிட்டல் மாடல் விலை குறைவாக இருக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: நீங்கள் எப்படி விளையாட்டு வாங்குபவர் என்பதைப் பொறுத்தது. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது இரு மாடல்களுக்கும் இடையே 100 டாலர் வித்தியாசம் இருந்தது. உள்ளே இருந்த சிப் ஒன்றே. டிஸ்க் படிக்கும் பாகத்தின் அடக்கம் 100 டாலருக்கு வெகு கீழேதான் இருக்கும் என்பதால், சோனி அந்தச் சலுகையைத் தர்மமாகக் கொடுக்கவில்லை. டிஜிட்டல் மாடல் வாங்கியவர் அதன்பின் சோனியின் டிஜிட்டல் கடையில் மட்டுமே விளையாட்டு வாங்க முடியும். ஒவ்வொரு விற்பனையிலும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. பழைய டிஸ்க் ஒன்று கைமாறும்போது நிறுவனத்துக்கு ஒரு சென்ட்டும் கிடையாது.

ஒரே இலவச விளையாட்டை ஆண்டு முழுவதும் விளையாடுபவருக்கும், சந்தாவில் வருவதே போதும் என்பவருக்கும் டிஜிட்டல் மாடல் நல்ல தேர்வுதான். ஆண்டுக்கு நான்கைந்து பெரிய விளையாட்டுகள் வாங்கி முடித்துவிட்டு விற்பவருக்கு அது ஏற்றதன்று. 70 டாலருக்கு வாங்கிய டிஸ்க்கை விளையாடி முடித்து 35 டாலருக்கு விற்க முடிந்தால், மூன்றாவது விளையாட்டிலேயே அந்த 100 டாலர் திரும்பிவிடும். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ மாடலோ, 2024-ல் 700 டாலருக்கு வந்தபோதும் டிஸ்க் பாகம் இல்லாமலேயே வந்தது. அதைத் தனியாக வாங்க அப்போது மேலும் 80 டாலர் ஆனது. பிரித்துப் பொருத்தக்கூடிய அந்தப் பாகம் 2023-க்குப் பின் வந்த மெலிந்த டிஜிட்டல் மாடலிலும் பொருந்தும் என்பதால், இப்போது மலிவான மாடலை வாங்கிவிட்டுத் தேவைப்பட்டால் பிறகு டிஸ்க் பாகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த பழைய டிஜிட்டல் மாடலில் மட்டும் அந்த வழி கிடையாது. பழைய சரக்காக வாங்குகிறவர்கள் மாடலைப் பார்த்து வாங்க வேண்டும்.